வெயிலால் முதலில் உலை வைப்போம்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களோடு பேச வாய்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். பழைய டிஷ் ஆன்டெனாவில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, வெயிலை ஒரே இடத்தில் குவித்து, தண்ணீரை ஆவியாக்கி, சின்ன இன்ஜின் ஒன்றைச் சுழற்றி, வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ள முடியாதா? கைப்பேசியில் அப்படிப்பட்ட காணொளிகள் நிறையச் சுற்றுகின்றன. கேட்பவரின் கண்ணில் தெரியும் ஆர்வம் அசலானது. வெல்டிங் தெரிந்த, கையில் எண்ணெய்க் கறை படிந்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

முடியும் என்பதுதான் பதில். ஆனால், வீட்டு மின்சாரம் என்ற வேலையை அதனிடம் கொடுத்தால் அது தோற்றுவிடும். அதே வெயிலும் அதே நீராவியும் பெரிதாக ஜெயிக்கக்கூடிய வேறொரு வேலை இருக்கிறது. அந்த வேலை கல்வராயன் மலையில் காத்துக்கிடக்கிறது.

இந்தியாவில் வெயிலால் நீராவி இன்ஜின் ஓடி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. பம்பாயில் ஆங்கிலேய அரசின் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், 1878-ல் கொலாபாவில் இருந்த தன் பங்களா வளாகத்தில் அதைச் செய்து காட்டினார். 17 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட சாதாரணத் தட்டைக் கண்ணாடிகள் 72-ஐ மரச்சட்டத்தில் அடுக்கி, நடுவில் இருந்த கொதிகலன் மீது வெயிலைத் திருப்பினார். சூரியன் நகர நகரச் சட்டத்தை ஓர் ஆள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் கிடைத்த ஆவியில் இரண்டரைக் குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு வாரம் பகலெல்லாம் ஓடியது. வெப்பமண்டல நாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் மாற்று வெயில்தான் என்று அவர் ஒரு புத்தகமே எழுதினார். ஏழு படைவீரர்களுக்கு வெயிலிலேயே சமைத்துக் கொடுத்ததையும் அதில் பதிவு செய்திருக்கிறார். இன்ஜினைப் பற்றி உலகம் எழுதிய அளவுக்கு அந்தச் சமையலைப் பற்றி எழுதவில்லை. எனக்கு அந்தச் சமையல்தான் முக்கியமாகப் படுகிறது.

பிரான்சில் அகஸ்டின் மூஷோ அவருக்கு முன்பே இதைத் தொடங்கியிருந்தார். 1878 பாரிஸ் கண்காட்சியில் வெயிலைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டியவர் அவர். 1913-ல் எகிப்தின் மாதி என்ற ஊரில் அமெரிக்கரான ஃபிராங்க் ஷூமன், நீண்ட தொட்டி வடிவக் கண்ணாடிகளை வைத்து நைல் நதித் தண்ணீரை வயலுக்கு இறைத்தார். மலிவான நிலக்கரி, பிறகு எண்ணெய், இடையில் முதல் உலகப் போர் என்று எல்லாம் சேர்ந்து அந்த முயற்சிகளை மூடிவிட்டன. கருத்தில் குறையில்லை, காலம்தான் ஒத்துழைக்கவில்லை என்று இன்றைக்குப் பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டு மொட்டைமாடியில் 10 சதுர மீட்டர் கண்ணாடி வைக்கிறோம் என்று கொள்வோம். உச்சிவெயிலில் மேகமில்லாத நேரத்தில் அதன்மேல் நேராக விழும் கதிரின் திறன் சுமார் 8 கிலோவாட். கண்ணாடி கொஞ்சம் விழுங்கும், குவிமையம் கொஞ்சம் பிசகும், சூடான கலன் காற்றுக்குக் கொஞ்சம் தாரை வார்க்கும். நன்றாகக் கட்டிய அமைப்பில்கூடப் பாதிதான், அதாவது 4 கிலோவாட்தான், தண்ணீருக்குள் போகும். அதில் மணிக்கு ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகமாக நீராவி கிடைக்கும். இதுவரை நல்ல செய்தி. அந்த நீராவியைப் பட்டறையில் கடைந்தெடுத்த சின்னப் பிஸ்டன் இன்ஜினில் விட்டால், நூற்றில் ஐந்தாறு பங்குதான் சுழற்சியாக மாறும். டைனமோவில் இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் கம்பியில் வருவது 200 வாட்டை ஒட்டி. வீட்டு மிக்ஸி ஓட 500 வாட்டாவது வேண்டும். அதே 10 சதுர மீட்டரில் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சோலார் பேனலைப் போட்டால் உச்சிவெயிலில் 2 கிலோவாட் வரும். பத்து மடங்கு. அதுவும் அசையாமல், சத்தமில்லாமல், வெடிக்காமல்.

இன்ஜினை இன்னும் நேர்த்தியாகக் கடைந்தால் சரியாகிவிடாதா என்று மாணவர்கள் விடாமல் கேட்பார்கள். சரியாகாது. 150 டிகிரியில் உள்ளே போகும் ஆவியை 100 டிகிரியில் வெளியே விடுகிற இன்ஜினுக்கு இயற்கை வைத்திருக்கும் உச்சவரம்பே 12 சதவீதம். உராய்வும் கசிவும் அதில் பாதியைத் தின்னும். வரம்பை உயர்த்த வேண்டுமானால் ஆவியின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். அனல்மின் நிலையம் 500 டிகிரிக்கு மேல் போவது அதனால்தான். வீட்டுக் கொல்லையில் அந்த அழுத்தத்தை யாரும் கனவிலும் நினைக்கக் கூடாது.

இதற்குள் இன்னொரு உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல், கொதிக்கும் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகிறது. இன்ஜின் அந்தப் பெருஞ்செல்வத்தில் ஒரு சிட்டிகையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றுக் குழாய் வழியாக வெளியே துப்பிவிடுகிறது. அதே ஆவியை அரிசி வேகும் பாத்திரத்துக்குள் விட்டால், அது குளிர்ந்து மறுபடி தண்ணீராகும்போது, தான் வாங்கிய வெப்பம் அத்தனையையும் அங்கே இறக்கிவைக்கிறது. மின்சாரம் கேட்டால் பிச்சை போடுகிற நீராவி, சூடு கேட்டால் முழுக்கணக்கையும் தீர்த்துவிடுகிறது.

இதை நம் மாவட்டம் எப்போதோ தெரிந்துவைத்திருக்கிறது. கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும், வடக்கே மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து ஆவி எடுக்கிறார்கள். அந்த ஆவி முதலில் டர்பைனைச் சுழற்றுகிறது. சுழற்றிவிட்டு வெளியே வரும் ஆவியை வீணாக்காமல், கருப்பஞ்சாற்றைக் காய்ச்சும் கலன்களுக்கு அனுப்புகிறார்கள். ஆலையின் பிழைப்பே அந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது. அரவைக் காலத்தில் கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் எவருக்கும் அந்தப் பாகு வாசனை தெரியும். நீராவியை எப்படி மதிக்க வேண்டும் என்ற பாடத்தை மாணவர்கள் காணொளியில் தேட வேண்டியதில்லை. ஓர் ஆலைச் சுற்றுலா போதும்.

ஆபத்தைப் பற்றியும் நேராகப் பேசிவிட வேண்டும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். மூடிய இரும்புக் குழாயில் வெயிலைக் குவித்துவிட்டு, சேஃப்டி வால்வு இல்லாமல், தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் இல்லாமல் விளையாடுவது உயிரோடு விளையாடுவது. விறகடுப்பில் நெருப்பை இழுத்துப்போடலாம், வெயிலை அணைக்க முடியாது. கண்ணாடியை வேறு பக்கம் திருப்ப மறந்த ஐந்து நிமிடம் போதும். 1923-ம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. 25 லிட்டருக்கு உட்பட்ட கலன்களும், மிகக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் கலன்களும் அதன் பிடிக்குள் வராது. பெரிதாக, அழுத்தத்தோடு கட்ட நினைத்தால் பதிவும் ஆய்வும் சான்று பெற்ற வெல்டரும் கட்டாயம். இந்தச் சட்டத்தைச் சிலர் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். கொதிகலன் வெடித்துச் செத்தவர்களின் கணக்கிலிருந்து பிறந்த சட்டம் அது.

அப்படியானால் அழுத்தம் அதிகமில்லாத, சூடு மட்டும் வேண்டிய, நிறையப் பேருக்குப் பயன்படுகிற வேலை எது? சமையல். நூறு பேர், இருநூறு பேர் சாப்பிடும் சமையலறை.

அதற்கான சாட்சி நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும்வரை நாமும் ஆரோவில்லும் ஒரே விழுப்புரம் மாவட்டம். ஆரோவில்லில் சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையலறை 1997 முதல் இயங்குகிறது. அதன் கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய கிண்ணம் வானத்தைப் பார்த்துக் கவிழாமல் உட்கார்ந்திருக்கிறது. உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். கிண்ணம் அசையாது. சூரியனுக்கு ஏற்ப மேலே தொங்கும் குழாய் மட்டும் கணினி சொல்படி நகர்ந்து குவிந்த கதிரை வாங்கிக்கொள்ளும். அதில் உண்டாகும் ஆவி கீழே சமையலறைக்கு இறங்குகிறது. வானம் தெளிந்த நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவுக்கு ஆவி கிடைக்கும் என்பது அதன் வடிவமைப்புக் கணக்கு. மேகம் வந்தால் டீசல் கொதிகலன் துணைக்கு நிற்கும். இதில் எனக்கு மிகப் பிடித்தது அந்தத் துணைக் கொதிகலன்தான். வெயிலை நம்பியவர்கள் யாரையும் பட்டினி போடவில்லை. வெயில் இல்லாத நாளுக்கும் சேர்த்துத் திட்டமிட்டார்கள்.

ஆரோவில் கிண்ணம் பெரிய பொறியியல். அதைவிட எளிய வழி வுல்ஃப்காங் ஷெஃப்லர் என்பவர் 1980-களில் வடிவமைத்த கண்ணாடி. தட்டு சூரியனோடு மெல்லத் திரும்பும், குவியும் இடம் மட்டும் ஒரே இடத்தில் நிற்கும். மணிக்கு 15 டிகிரி திருப்பினால் போதும், அதைக் கடிகாரம் போன்ற எளிய பொறியே செய்துவிடும். பருவத்துக்குப் பருவம் சூரியனின் சாய்வு மாறும்போது தட்டின் வளைவைக் கையால் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். குவிமையம் அசையாததால் ஆவிக்குழாயை நிலையாகப் பொருத்தலாம், அடுப்பைச் சமையலறைக்குள்ளேயே கட்டலாம். இரும்புக் கம்பி வளைக்கவும் வெல்டிங் வைக்கவும் தெரிந்த பட்டறை இதைச் செய்துவிடும். ஷெஃப்லரும் அப்படி ஊர்ப் பட்டறையில் செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை வடிவமைத்து, வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவைத்தார்.

இந்தக் கண்ணாடிகளை வைத்துத்தான் திருமலையில் 106 தட்டுகளோடு, நாளொன்றுக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் திறனில் நீராவிச் சமையல் அமைப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டது. ஷிர்டியில் 2009-ல் 73 பெரிய தட்டுகள் வந்தன. ராஜஸ்தானின் அபு ரோட்டில் பிரம்ம குமாரிகள் இதே வகையில் சமைத்துப் பழகி, பிறகு 770 தட்டுகளோடு ஒரு மெகாவாட் மின்நிலையத்தையே கட்டினார்கள். அங்கே பகல் வெப்பத்தை இரும்பில் சேமித்து, இரவிலும் ஆவி எடுக்கிறார்கள். வெயில் நீராவியில் மின்சாரம் எடுக்க விரும்பினால் எந்த அளவில் இறங்க வேண்டும் என்பதற்கு அது அளவுகோல். வீட்டு மாடி அந்த அளவுகோலில் எங்கேயும் இல்லை.

கோயிலுக்கும் ஆசிரமத்துக்கும் கிடைத்தது மலைப் பிள்ளைகளின் விடுதிக்கு ஏன் கிடைக்கவில்லை? இதுதான் என் கேள்வி.

கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்து, 1976-ல்தான் முழுதாக அரசின் கைக்கு வந்த நிலம். இந்தியா சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய 30 ஆண்டு கழித்து மலைமக்கள் கொத்தடிமையிலிருந்து விடுபட்டார்கள். சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அந்தத் தாமதத்தோடுதான் மேலே ஏறின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. நாளேடுகளில் இந்த மலையின் பெயர் வந்தாலே சாராய ஊறலும் போலீஸ் ரெய்டும்தான் என்று ஆகிவிட்டது. மரவள்ளியும் சாமையும் தினையும் விளைகிற, கடுக்காயும் தேனும் புளியும் தருகிற மலைக்கு அந்த ஒரே அடையாளம் பெரிய அநீதி.

மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மதியச் சத்துணவு இருக்கிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மலையேறியிருக்கிறது. சிலிண்டர் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சிலிண்டரும் கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வர வேண்டும், மழையில் மண் சரிந்தால் அதுவும் நின்றுவிடும். விறகடுப்பு ஊர்களில் முழுதாக ஓயவில்லை. பெரிய அண்டாவில் நூறு பேருக்குச் சோறாக்கும் சமையலரம்மாவின் கண்ணையும் நெஞ்சையும் அந்தப் புகை என்ன செய்யும் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

நூறு பிள்ளைகளுக்கு மதியச் சோறும் சாம்பாரும் ஆக்க ஐம்பது லிட்டரை ஒட்டித் தண்ணீர் கொதிக்க வேண்டும். போக்குச் சேதாரம் எல்லாம் சேர்த்தாலும் எட்டு, ஒன்பது யூனிட் வெப்பம். 16 சதுர மீட்டர் ஷெஃப்லர் தட்டு இரண்டு இருந்தால், தெளிந்த நாளில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். உச்சிவெயிலும் மதியச் சோறும் ஒரே நேரத்தில் வருவது பெரிய வசதி.

காலை உணவுக்கு இது உதவாது என்று சொல்வார்கள். நேரடியாக உதவாதுதான், பொங்கலும் உப்புமாவும் வேகும் நேரத்துக்குச் சூரியன் மலைமுகட்டைத் தாண்டியிருக்காது. ஆனால் முந்தைய நாள் பிற்பகல் வெயிலில் தண்ணீரைச் சூடாக்கி, நன்றாகப் பொதிந்த தொட்டியில் நிறுத்தினால் விடியற்காலையில் 70, 80 டிகிரியில் கைக்கு வரும். கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரின் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். எனவே அடுப்பு ஏற்ற வேண்டிய மிச்ச சூடு கொஞ்சம்தான். உலைத் தண்ணீர் காயச் செலவாகும் விறகில் பாதிக்கு மேல் அதிலேயே மிச்சமாகும்.

மலையின் மூடுபனியை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. கண்ணாடி குவிப்பது நேர்க்கதிரை மட்டும். மேகம் வடிகட்டிய வெளிச்சத்தில் பேனல் கொஞ்சமாவது மின்சாரம் தரும், கண்ணாடி எதுவும் தராது. ராஜஸ்தான் அளவுக்குத் தெளிந்த வானம் நமக்குக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் சிலிண்டரும் விறகும்தான் கைகொடுக்கும். ஆண்டில் பாதி நாளுக்கு மேல் வெயில் கைகொடுத்தாலே விடுதியின் எரிபொருள் கணக்கு மாறிவிடும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் கணினிக்கும் அதே கூரையில் பேனல் போட்டுக்கொள்ளலாம், இரண்டுக்கும் சண்டையில்லை.

இங்கேதான் அரசின் கொள்கையில் ஓர் ஓட்டை தெரிகிறது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நல்லது. ஆனால் வெயிலிலிருந்து நேராக வெப்பம் எடுப்பதற்கு இன்று அப்படியொரு கவனிப்பு இல்லை. மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 2012-ல் குவிகண்ணாடி வெப்பத்துக்காகவே ஒரு திட்டம் நடத்தின. 2017-ல் அது முடிந்தது. பேனல் விலை சரிந்த வேகத்தில் எல்லோர் பார்வையும் மின்சாரத்தின் பக்கம் போய்விட்டது. நாம் எரிக்கும் எரிபொருளில் கணிசமான பங்கு சூட்டுக்காகத்தான் போகிறது என்பதைத் திட்டம் தீட்டுகிறவர்கள் மறந்துவிட்டார்கள். புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்கும் ஆலை, மஞ்சள் வேகவைக்கும் களம், மலை மரவள்ளி இறங்கி வந்து சேரும் சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை, எல்லாமே சூட்டைத் தின்று வாழ்பவை. மஞ்சள் வேகவைக்க நூறு டிகிரி ஆவி போதும், அறுவடையும் தை, மாசியில் வானம் தெளிந்திருக்கும் காலத்தில்தான் வருகிறது. விவசாயிகள் கூட்டாக ஒரு தட்டை வாங்கிக் களத்தில் நிறுத்தினால் அவர்களுக்கே பயன்.

குவிகண்ணாடி அமைப்புகள் நாட்டில் பல இடங்களில் துருப்பிடித்துக் கிடப்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடியில் தூசு படியும், வாரம் இருமுறை துடைக்க ஆள் வேண்டும். கடினநீர் விட்டால் குழாயில் உப்புப் படியும். திருப்பும் பொறியில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் மொத்தமும் நின்றுவிடும். சென்னையிலிருந்தோ புனேயிலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருக்கும் அமைப்பு மலையில் மூன்றாம் மாதம் செத்துவிடும். அதனால் தட்டை வெளியூரில் வாங்கி ஏற்றாமல், இங்கேயே செய்ய வேண்டும். கேள்வி கேட்ட அந்த மாணவர்கள் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கம்பி வளைக்கவும், கண்ணாடி வெட்டவும், வால்வு மாற்றவும் கற்ற மலைப் பிள்ளை ஒருவர் அந்த விடுதியிலேயே சம்பளத்துக்கு இருந்தால் தட்டு இருபது ஆண்டு ஓடும். சமையலரம்மாவிடம் முதலிலேயே கேட்க வேண்டும்: அண்டா எங்கே வைத்தால் கை எட்டும், ஆவி எந்தப் பக்கம் வந்தால் சுடாது என்று. சமைப்பவரைக் கேட்காமல் கட்டிய புகையில்லா அடுப்புகள் தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் விறகு அடுக்கும் மேடையாகிவிட்டன.

பெரிய அறிவிப்பு எதுவும் தேவையில்லை. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒன்றைப் பழங்குடியினர் நலத்துறை தேர்ந்தெடுக்கட்டும். தெற்குப் பக்கம் நிழல் விழாத முற்றம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆரோவில்லுக்கு ஒரு குழுவை அனுப்பட்டும். போகும் வேனில் இளநிலைப் பொறியாளரோடு ஐ.டி.ஐ. பயிற்றுநரும், இரண்டு மாணவர்களும், அந்த விடுதிச் சமையலரும் இருக்க வேண்டும். திரும்பி வந்து முதல் தட்டை மாவட்டத்துப் பட்டறையிலேயே கட்டட்டும். அழுத்தமில்லாத ஆவியும் சூடுநீர்த் தொட்டியும் மட்டும் முதல் ஆண்டுக்குப் போதும். தட்டு ஏறுவதற்கு முன் மூன்று மாதம், ஏறிய பின் ஓராண்டு, தினமும் எத்தனை கிலோ விறகு எரிந்தது, எத்தனை சிலிண்டர் மாறியது, எத்தனை மணிக்குச் சோறு இறங்கியது என்று விடுதியில் ஒரு நோட்டுப் போட்டு எழுத வேண்டும். மேகம் மூடிய நாள்களையும் விடாமல் எழுத வேண்டும். அடுத்த விடுதிக்குத் தட்டு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து மாவட்ட ஆட்சியர் முடிவு செய்யலாம்.